பத்தரை மணிக் கையெழுத்து

என் பெயர் நான்காவதாக இருந்தது. தம்பி மனைவி கொடுத்த வரதட்சணைக் கொடுமைப் புகாரில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் நாங்கள்: தம்பி ஏ1, அம்மா ஏ2, அப்பா ஏ3, நான் ஏ4. எஃப்.ஐ.ஆர். நகலை வாட்ஸப்பில் அனுப்பிய வக்கீல் கூடவே ஒரு குரல் பதிவும் போட்டிருந்தார். "டீச்சர், பயப்படாதீங்க. ஆனா இன்னைக்கு ராத்திரி வீட்ல இருக்க வேண்டாம்."

பயப்படாதே, வீட்டில் இருக்காதே என்று ஒரே மூச்சில் சொன்னால் மனுஷி எதை எடுத்துக்கொள்வாள்? 2022 ஜூன், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். ஆறாம் வகுப்புக்குப் பாடப்புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு, தலைமையாசிரியரிடம் தலைவலி என்று சொல்லி, கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தோசை ஊற்றிக் கொடுத்தார்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் தனி ரகம். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம் ஆனதாகவே கணக்கு. தப்பு செய்தாயா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தால் ஜாமீன் மனு திங்கள்கிழமைதான் எடுபடும், அதற்குள் 48 மணி நேரம் ஓடிவிடும். அந்த வாரம் நான் கிழமைகளை எண்ணிய மாதிரி எந்தத் தேர்வுக்கும் எண்ணியதில்லை.

இது நடந்து சில வருஷமாகிவிட்டது. எழுதலாமா என்று பல முறை யோசித்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், இடையில் அதே மாதிரி ஒரு வழக்கில் எதிர்ப்பக்கத்திலும் நான் போய் உட்கார வேண்டி வந்தது. அதற்கு வருகிறேன். முதலில் ஒன்று: நான் ஏ4. அதை நினைவில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தம்பிக்கு 2018இல் கல்யாணம். பெண் வீட்டில் 40 பவுன் போட்டார்கள். கேட்டோமா என்றால், 'நாங்க எதுவும் கேக்கலீங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்ங்க' என்று சொன்னோம். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷம் ஓடியது. 2021 கடைசியில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் திண்டுக்கல் பக்கம். புகாரை அங்கே எப்படிக் கொடுக்கலாம், சம்பவம் நடந்தது இங்கேதானே என்று அப்பா குதித்தார். கொடுக்கலாம். கணவன் வீட்டை விட்டு வெளியேறிய பெண் எங்கே போய்த் தஞ்சம் அடைகிறாளோ அங்கேயே வழக்குத் தொடுக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடித்த வலி அந்த ஊரிலும் தொடர்கிறது என்பதுதான் அதன் நியாயம்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எடுத்த எடுப்பில் வழக்குப் போட மாட்டார்கள். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, அப்புறம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேச்சு. குடும்பத் தகராறுகளில் இப்படி முதல்கட்ட விசாரணை செய்ய 2013ஆம் வருஷத்து லலிதா குமாரி தீர்ப்பும் இடம் கொடுக்கிறது. மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை என் தம்பி மேஜையைத் தட்டிப் பேசிவிட்டு வெளியே வந்தான். அன்றைக்கே வக்கீல் சொன்னார், முன்ஜாமீன் போட்டுவிடலாம் என்று.

போட்டோம். அரசு வழக்கறிஞர் எழுந்து, இன்றைய தேதியில் வழக்கு எதுவும் பதியப்படவில்லை என்றார். மனு முடித்துவைக்கப்பட்டது. தம்பி சந்தோஷமாகப் போன் பண்ணினான், "ஒண்ணுமில்லையாம்க்கா." நான்காவது நாள் எஃப்.ஐ.ஆர். விழுந்தது.

கைதான பிறகு கேட்பது ஜாமீன். கைதாகப்போகிறோம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் முன்கூட்டியே கேட்பது முன்ஜாமீன். எஃப்.ஐ.ஆர். இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வெறும் பயமும் போதாது. வெள்ளைக்காரன் காலத்து 1898ஆம் வருஷச் சட்டத்தில் இந்தப் பிரிவே கிடையாது. 1969இல் சட்ட ஆணையம் தன் 41ஆவது அறிக்கையில் சிபாரிசு செய்தது. செல்வாக்குள்ளவர்கள் தங்கள் எதிராளிகளை அவமானப்படுத்தவும் சில நாள் உள்ளே வைக்கவும் பொய் வழக்குப் போடுகிறார்கள், அதற்கு ஒரு தடுப்பு வேண்டும் என்பது ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. 1973ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438ஆவது பிரிவாக வந்தது. அதன் எல்லைகளை 1980இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்த வழக்கில் மனுதாரர் யார் தெரியுமா? பஞ்சாபில் அமைச்சராக இருந்த குர்பக்ஷ் சிங் சிப்பியா. அமைச்சர் போட்ட பாதையில் எங்கள் அம்மா மூட்டுவலியோடு நடந்துபோனார்.

இன்னொரு கதை, எண்களைப் பற்றி. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள். மனைவியைக் கணவனோ அவன் உறவினர்களோ கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் பழைய தண்டனைச் சட்டப் பிரிவான 498ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86. நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீன் பிரிவு 438இலிருந்து 482 ஆகிவிட்டது. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கையே ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. அது இப்போது 528. 'ஃபோர் எய்ட்டி டூ போட்டிருக்கேன்' என்று ஒரு வக்கீல் சொன்னால், பழசா புதுசா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, 498ஏ வழக்கில் கைதே செய்யக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதே, அப்புறம் எதற்கு இந்த ஓட்டம்? இதை நானும் கேட்டேன். 2014 ஜூலை 2, அர்னேஷ் குமார் வழக்கு. அதுவே ஒரு கணவன் முன்ஜாமீன் கேட்டுப் போன வழக்குதான். எட்டு லட்சம் ரூபாய், மாருதி கார், ஏசி, டிவி கேட்டார்கள் என்பது மனைவியின் புகார். அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது: 2012இல் மட்டும் 498ஏ பிரிவில் 1,97,762 பேர் கைது, அதில் 47,951 பேர் பெண்கள். மாமியாரும் நாத்தனாரும்தான் வேறு யார்! ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்யக் கூடாது, முதலில் 41ஏ நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்றது நீதிமன்றம். 498ஏவுக்கு மூன்று வருஷம்தான். எங்கள் மீது கூடவே சேர்த்த நம்பிக்கை மோசடி, வரதட்சணைத் தடுப்புச் சட்டம், தமிழ்நாட்டின் 1998ஆம் வருஷப் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் எதுவுமே ஏழு வருஷத்தைத் தாண்டாது.

வக்கீல் பொறுமையாகச் சொன்னார். "டீச்சர், கைது செய்யவே கூடாதுன்னு தீர்ப்பு சொல்லல. காரணம் எழுதிட்டு செய்யலாம்னுதான் சொல்லுது. அந்தக் காரணத்தை எழுதப்போறவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது. அதனால் ஓடினோம்.

அந்த வாரம் எஃப்.ஐ.ஆரை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. போலீஸ் தமிழ் ஒரு தனி மொழி. அவள் 'வாதி', நாங்கள் 'எதிரிகள்'. என்னைப் பற்றி இரண்டே வரி. 4ஆவது எதிரி அடிக்கடி கைபேசியில் பேசி 1ஆவது எதிரியைத் தூண்டிவிட்டு வாதியைக் கொடுமைப்படுத்தக் காரணமாக இருந்தார். அவ்வளவுதான். வக்கீலுக்கு ஏக சந்தோஷம். "தேதி இல்ல, இடம் இல்ல, என்ன பேசினீங்கன்னு இல்ல." குடும்பத்தில் எல்லோரையும் இழுத்துப் பொத்தாம்பொதுவாகச் சொல்லும் புகாரை வைத்து உறவினர்கள் மேல் வழக்கு நடத்த முடியாது என்று அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கஹ்கஷான் கௌசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. எனக்கு அளந்து தைத்த மாதிரி தீர்ப்பு.

அவருக்கு நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 'ரெண்டு அறை விட்டா வழிக்கு வந்துடுவா' என்று நான் தம்பியிடம் ஒரு தடவை போனில் சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போல. பள்ளிக்கூடத்தில் பிரம்பைத் தொடாதவள் நான். குழந்தையை அடிக்கக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் பேசுகிறவள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 2019-21, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவன் கையால் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29. இந்த வித்தியாசத்தில் எங்கள் குடும்பம் சிரித்துக்கொண்டே பேசிய பேச்சும் இருக்கிறது.

முன்ஜாமீன் மனுவில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். ஓடிப்போவாயா, சாட்சியைக் கலைப்பாயா, விசாரணைக்கு வருவாயா என்பதுதான் அங்கே பெரும்பாலும் கேள்வி. செய்தாயா என்பது விசாரணை நீதிமன்றத்தின் வேலை. இது சட்டப்படி சரி. ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? ஆர்டர் கிடைத்ததும் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். சொந்தக்காரர்களிடம் 'கேஸ் நிக்கல' என்று சொன்னோம்.

முந்திவிட்டேன். ஆர்டர் அத்தனை சுலபமாக வரவில்லை. மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் அம்மா, அப்பா, எனக்குக் கிடைத்தது. வயது, பெண், தனிக்குடித்தனம் என்று ஆளுக்கொரு காரணம். தம்பிக்குத் தள்ளுபடி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனோம். மனுதாரர் வர வேண்டிய அவசியமில்லை என்று வக்கீல் சொல்லியும் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலை தெரியும். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது தம்பிக்கு அதன் தும்பிக்கையைக் காட்டியிருக்கிறேன்.

தம்பி மனைவி சார்பில் எதிர்த்து இடையீட்டு மனு போட்டிருந்தார்கள். கூடவே ஒரு நகைப் பட்டியல். எங்கள் வக்கீல் அர்னேஷ் குமாரில் ஆரம்பித்தார். நீதிமன்றத்திலிருந்து வந்த முதல் கேள்வி: நகை யாரிடம் இருக்கிறது?

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. முன்ஜாமீன் என்பது சட்டப் புத்தகத்தில் ஒருவனுடைய சுதந்திரத்தைப் பற்றிய மனு. கல்யாண வழக்குகளில் அது ஒரு பேரத் திண்ணை. ஏனென்றால், வழக்கு விசாரணைக்கு வந்து தீர்ப்பாகும் வரை காத்திருக்க இரண்டு தரப்புக்கும் நம்பிக்கை இல்லை. கணவன் வீட்டாருக்கு உண்மையான பயம் இருக்கும் ஒரே வாரம் அதுதான். மனைவிக்கு ஏதாவது கையில் கிடைக்க வாய்ப்புள்ள வாரமும் அதுதான். ஆகவே நகை, சீர் பாத்திரம், குழந்தைச் செலவு எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வந்து விழுகின்றன.

சர்ச்சைக்குரிய நகையை மீட்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஜாமீனை மறுக்க வேண்டியதில்லை என்று 2017இல் ராஜேஷ் சர்மா தீர்ப்பில் இருக்கிறது. மனைவியின் எல்லாத் தேவைகளையும் பூர்த்தி செய்வேன் என்று எழுதிக்கொடுத்தால்தான் முன்ஜாமீன் என்ற மாதிரியான ஒரு நிபந்தனையை 2024 ஆகஸ்டில், பீகாரிலிருந்து போன வழக்கில், உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நிறைவேற்ற முடியாத நிபந்தனை போடாதீர்கள் என்றது. படித்தபோது நியாயம் என்றுதான் பட்டது. ஆனால் எங்கள் வீட்டுப் பீரோவை நினைத்தால் அத்தனை உறுதியாக என்னால் தலையாட்ட முடியவில்லை.

மதுரை விசாரணைக்கு முந்தைய நாள் ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "அவளே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா" என்று மகளிர் ஸ்டேஷனில் சொன்ன அதே அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இடுப்புச் சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு துணிப்பை. ஆரம், வளையல், நெத்திச்சுட்டி. மீதி 11 பவுன் தம்பி பேரில் கூட்டுறவு வங்கியில் அடகில் இருந்தது. மாடி கட்டுவதற்காக வைத்தது. அம்மாவின் வாதம் எளிமையானது: "வீட்டுக்கு வந்த நகை வீட்டு நகைதானே." இல்லை. மனைவியின் சீதனம் முழுக்க அவளுக்கே சொந்தம், கணவன் வீட்டில் இருந்தால் அது ஒப்படைத்த பொருள்தான், திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி என்று 1985இலேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பு வந்தாயிற்று. எங்கள் பீரோவுக்கு அந்தச் செய்தி வந்து சேர 37 வருஷம் பிடித்தது.

மறுநாள் வக்கீல் காதில் சொன்னேன். நகையைத் திருப்பித் தருகிறோம் என்று அவர் எழுந்து சொல்ல, கைது செய்யாமல் இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்து, சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். அவள் ஒரு ஜோடிக் கம்மலைத் தள்ளிவைத்து, "இது அத்தையோடது, மாறி வந்திருக்கு" என்றாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது என்னிடம் "வர்றேன் மதினி" என்றாள். நான் பதில் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

ஆர்டர் வந்தபின் இருக்கும் சடங்குகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். முன்ஜாமீன் உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினால் போதாது. எங்களுக்குப் போட்ட நிபந்தனைப்படி 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் சரணடைந்து, பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணைப்பத்திரம் எழுதி, ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர் நிறுத்த வேண்டும். அவர்களுடைய போட்டோ, இடது பெருவிரல் ரேகை, ஆதார் நகல். நாளை விட்டால் உத்தரவே காலாவதி. கல்யாணத்துக்கு வந்த எழுநூறு பேரில் எட்டுப் பேர் தேடினோம். பெரியப்பா மகன் வீட்டு வரி ரசீது தொலைந்துபோச்சு என்றான். கடைசியில் அப்பாவோடு நடைப்பயிற்சி போகும் இருவரும் தோசை ஊற்றிக் கொடுத்த டீச்சரின் கணவரும் முதலில் வந்தார்கள். அவர்கள் வந்ததைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். முன்ஜாமீன் பொதுவாக வழக்கு முடியும்வரை செல்லும், காலக்கெடு வைக்கத் தேவையில்லை என்று 2020இல் சுஷீலா அகர்வால் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த எட்டுப் பேருக்கும் நாங்கள் ரொம்ப நாள் கடன்பட்டிருந்தோம்.

தம்பிக்கு மட்டும் கூடுதலாக, இரண்டு வாரம் தினமும் காலை பத்தரை மணிக்கு அந்த மகளிர் காவல் நிலையத்தில் கையெழுத்து. எதிரே ஒரு டீக்கடை. முதல் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்தவன், வீட்டுக்கு வர மனசில்லாமல் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தானாம். தினமும் அப்படித்தான்.

498ஏ சமரசமாகப் போகக்கூடிய குற்றம் அல்ல. ஆனாலும் ஒத்துப்போனால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2003இல் பி.எஸ். ஜோஷி வழக்கிலிருந்து வழி இருக்கிறது. பரஸ்பர விவாகரத்து, அப்புறம் ரத்து மனு. 2023 கடைசியில் முடிந்தது. புள்ளிவிவரத்தில் எங்கள் வழக்கு 'தண்டனை இல்லாத' பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். 498ஏவில் பாதிக்கு மேல் பொய் வழக்கு என்று யாராவது அந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டிப் பேசினால் நான் பீரோவை நினைத்துக்கொள்கிறேன். அதற்காகப் பொய்யே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அப்பா மேல் எழுதியிருந்த ஒரு வரியும் நிஜமில்லை.

அடுத்த வருஷம் நவம்பரில் சித்தி மகள் போன் பண்ணினாள். "அக்கா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்." கணவனுக்குப் பெங்களூருவில் வேலை. இவள் கன்னத்தில் தையலோடு ஊருக்கு வந்திருந்தாள். நான் செய்த முதல் காரியம், அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காயத்தைப் பதியவைத்து, அந்தப் பதிவின் நகலான ஏ.ஆர். காப்பிக்கு எழுதிக்கொடுத்தது. இரண்டாவது, கல்யாண ஆல்பத்தைப் பார்த்து நகைப் பட்டியல் எழுதியது. எதிர்ப்பக்கத்தில் கற்ற பாடம்.

வழக்குப் பதிந்த சில நாளில் அவன் பெங்களூருவிலேயே இடைக்கால முன்ஜாமீன் வாங்கிவிட்டான். வேறு மாநிலத்தில் வழக்கு இருந்தாலும், அங்கே போய்ச் சேர அவகாசமாகத் தான் இருக்கும் ஊரில் இப்படி வாங்கலாம் என்று 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தற்செயலோ என்னவோ, அதிலும் கணவன் பெங்களூருதான். பிறகு இங்கேயும் மனுப் போட்டான். நாங்கள் இடையீட்டு மனு போட்டோம். ஏ.ஆர். காப்பியைக் காட்டினோம். இருந்தும் கிடைத்தது.

நீதிமன்ற வாசலில் நின்று சித்தி மகள் அழுதாள். "விட்டுட்டாங்கல்ல, அக்கா." விடவில்லை, வழக்கு அப்படியேதான் இருக்கிறது, மிரட்டினால் முன்ஜாமீனை ரத்து செய்யச் சொல்லலாம், உனக்கு இப்போதைக்கு வேண்டியது குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு, அதை வேறு மனுவில் கேட்போம் என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாம் சரியான தகவல். அவள் காதில் விழவில்லை. அவர்கள் வீட்டில் அந்நேரம் யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவனுக்கும் அதே நிபந்தனை: இரண்டு வாரம், காலை பத்தரை, மகளிர் காவல் நிலையம். அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை அதே தெருவில். ஒன்பதரை மணிக்குத் திறக்க வேண்டும்.

"கையெழுத்துப் போட்டுட்டு நேரா பஸ் ஏறிப் போயிடுவான்ல, அக்கா?"

என் தம்பி மத்தியானம் வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். கையெழுத்துப் போடும் இடத்தை மாற்றச் சொல்லி வக்கீல் ஒரு மனுப் போட்டார். அவள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின்பக்கச் சந்து வழியாகக் கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவைத்து வேலை பார்த்தாள். மனு விசாரணைக்கு வந்தபோது இரண்டு வாரம் முடிந்திருந்தது.